மின்னணுக் கையொப்பமும் அந்தரங்கச் சாவியும்

நெய்வேலியில் 1956-இல் தோன்றி, இன்று என்.எல்.சி. இந்தியா எனப் பெயர் பூண்டுள்ள நிறுவனம் போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்குச் சரக்கு விற்க விழையும் சங்கங்கள் மின்னணு ஒப்பந்தப்புள்ளி அனுப்ப நேரிடும். குறித்த நேரம் கடந்துவிட்டால் இணையதளம் ஏற்காது. அவ்வேளையில் ‘சான்றிதழ் ஏற்கப்படவில்லை’ என்று கணினி அறிவித்தால் செய்யத்தக்கது யாது?

மின்னணுக் கையொப்பத்திற்கு இரு உறுப்புகள் உண்டு. சான்றிதழ் எவரும் காணத்தக்கது. அந்தரங்கச் சாவி உரியவரிடம் மட்டுமே இருப்பது. இரண்டும் இணை சேர்ந்தாலன்றிக் கையொப்பம் அமையாது. ஆகவே கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் சோதிக்க:

1. ‘சி.இ.ஆர்.’ கோப்பில் சான்றிதழ் மட்டுமே இருக்கும், சாவி இராது. சாவி டோக்கனில் உள்ளது. டோக்கனைச் செருகி, அதற்குரிய டிரைவர் மென்பொருள் கணினியில் உள்ளதா எனப் பார்க்கவும்.

2. சான்றிதழின் காலம் முடிந்ததா? கணினியின் தேதி சரியா?

3. புதுப்பித்த சான்றிதழுக்குப் பழைய சாவி பொருந்தாது. புதியதை இணையதளத்தில் மீண்டும் பதிவு செய்தல் வேண்டும்.

4. இரகசிய எண்ணை ஊகித்துப் பலமுறை இடாதீர்கள், டோக்கன் பூட்டிக்கொள்ளும்.

அவசரத்தில் டோக்கனையும் எண்ணையும் பிறரிடம் ஒப்படைத்தல் பெருந்தவறு. சாவியைக் காக்கும் பொறுப்பை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 42-ஆம் பிரிவில், உரியவர் மீதே சுமத்துகிறது. சாவி பிறர் கைப்பட்டால் சான்றளித்த நிறுவனத்திற்கு உடனே அறிவித்தல் வேண்டும். கடைசி நாளுக்குப் பல நாட்கள் முன்னரே சோதித்து வைக்கும் சங்கமே சந்தையில் நிலைக்கும்.