எண்ணெய் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது?



"சிஸ்டர், மரபணு மாத்தின பருத்திக்கொட்டை எண்ணெயைத்தான் பாக்கெட்ல அடைச்சு விக்கிறாங்களாம். அதைச் சாப்பிட்டா குழந்தை உண்டாகாதாம். எங்க வீட்டுக்காரர் பயப்படுறார். நெசமா?" துணை சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்கள் இப்படிக் கேட்பதுண்டு. கேட்பது நல்லதுதான்.

நம் நாட்டில் விளையும் பருத்தியில் பெரும்பகுதி பி.டி. பருத்தி. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை அதில் சேர்த்திருக்கிறார்கள். காய்ப்புழு கடித்தால் சாகும். (இளஞ்சிவப்புக் காய்ப்புழு இப்போது அதற்கும் அடங்குவதில்லை. அது வேறு கதை.) 2002-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. பஞ்சு ஆலைக்குப் போகிறது. கொட்டை மாட்டுக்கும், அதன் எண்ணெய் நம் சமையலுக்கும் வந்து சேருகிறது.

குழந்தை பற்றிய பேச்சுக்கு ஒரு வேர் உண்டு. பருத்திக்கொட்டையில் 'காசிபால்' என்ற நச்சுப்பொருள் இயற்கையாகவே இருக்கிறது. சீனாவில் சுத்திகரிக்காத பருத்தி எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்ட சில கிராமங்களில் குழந்தைப் பிறப்பு குறைந்தது. 1970-களில் அந்தப் பொருளையே ஆண்களுக்குக் கருத்தடை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நிறுத்திய பிறகும் சிலருக்கு விந்தணு திரும்பவில்லை. உடம்பில் பொட்டாசியச் சத்தும் குறைந்தது. அதனால் கைவிட்டார்கள். ஆனால் இது பாட்டன் காலத்துப் பருத்தியிலும் இருந்ததுதான். மரபணு மாற்றத்தால் வந்ததல்ல. ஆலையில் சுத்திகரிக்கும்போது நீங்கிவிடுகிறது. ஆகவே செக்கில் ஆட்டிய பச்சைப் பருத்தி எண்ணெய் சமையலுக்கு வேண்டாம்.

சரி, பாக்கெட்டில் "மரபணு மாற்றப்பட்டது" என்று போட வேண்டாமா? இங்கேதான் வழக்கு. சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ அநேகமாக மிஞ்சுவதில்லை. சோதித்தாலும் எந்தப் பருத்தி என்று சொல்வது கடினம். அமெரிக்காவில் 2022-ல் கட்டாயமான விதி இத்தகைய எண்ணெய்க்கு விலக்குக் கொடுத்தது. ஐரோப்பிய நாடுகளிலோ 2004 முதல், சோதனையில் தெரியாவிட்டாலும் எழுதியாக வேண்டும். நம் நாட்டில் பாக்கெட்டின் மேற்பக்கம் 'ஜி.எம்.' என்று போடும் விதி 2013 ஜனவரியில் வந்தது. ஒரு சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் எழுத வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் ஒரு வரைவும் வெளியிட்டது.

"எழுதினால் ஜனங்கள் விஷம் என்று நினைத்துவிடுவார்கள்" என்பது வியாபாரிகள் பக்கம். "காசு கொடுக்கிறவனுக்குத் தெரியணும்ல?" என்பது எதிர்ப்பக்கம். எழுதுவதே சரி என்பது நம் எண்ணம். பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் சேர்த்தபோது, அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது என்று 1996-ல் வெளியான ஆய்வு காட்டியது. சோயா கடைக்கு வராமலே நின்றுபோனது. எது எதில் கலந்தது என்று தெரிந்தால்தானே பிள்ளைக்கு ஒவ்வாததை விலக்க முடியும்?

கடையில் பாக்கெட்டைத் திருப்பி, எந்த எண்ணெய், சுத்திகரித்ததா, கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். டின்னிலிருந்து அளந்து ஊற்றும் சில்லறை எண்ணெயில் இந்த விவரம் எதுவும் இருக்காது.

ஒரு வருடமாகியும் குழந்தை உண்டாகவில்லை என்றால் எண்ணெய் மேல் பழி போட்டுவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவருமாக வாருங்கள். ஆமாம், வீட்டுக்காரரும்தான்.