பெரியது, அதைவிடப் பெரியது, மிகப் பெரியது: ஆங்கிலத்தில் ஒப்பிட்டுச் சொல்வது எப்படி?



சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகை நேர்காணலில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி வந்திருந்தாள். நல்ல மதிப்பெண். விருந்தினராக வந்திருந்தவர் அவளுடைய குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டார். அவளும் துணிந்து ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். ‘மை சிஸ்டர் இஸ் மோர் பெட்டர் தேன் மீ’ என்றதும் மேசையில் இருந்த ஒருவர் சிரித்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். சிரித்தவரைத் தடுக்காமல் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். அந்த உறுத்தலில்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

அவள் செய்தது அறிவுக் குறைவால் வந்த தவறு அல்ல. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசும் எவருக்கும் வரக்கூடியது. தமிழில் ‘பெரிய’ என்ற சொல் மாறுவதே இல்லை. பெரிய வீடு, அதைவிடப் பெரிய வீடு, மிகப் பெரிய வீடு என்கிறோம். விட, இன்னும், மிக என்று பக்கத்தில் ஒன்றைச் சேர்க்கிறோமே தவிர, ‘பெரிய’ அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்திலோ அந்தச் சொல்லே உருமாறும். இதைக் கவனிக்காத பிள்ளைகள் ‘ஹி இஸ் ஸ்ட்ராங் தேன் மீ’ என்று சொல்லை மாற்றாமல் விடுகிறார்கள். அல்லது, மாறிய சொல்லோடு ‘இன்னும்’ என்ற பொருளில் ஒரு ‘மோர்’ சேர்த்துவிடுகிறார்கள்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. கபீர் என்றால் பெரிய, அக்பர் என்றால் அதைவிடப் பெரிய. ஜமீல் – அஜ்மல், கரீம் – அக்ரம் எல்லாம் இதே வாய்பாடுதான். அரபியிலும் சொல்லே உருமாறுகிறது. நம் பிள்ளைகள் பலருடைய பெயரிலேயே இந்த இலக்கணம் இருக்கிறது. அங்கே ‘மின்’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘தேன்’ வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விதிகள்.

1. சிறிய சொற்கள்: ஓரசைச் சொல்லாக இருந்தால் இறுதியில் இ.ஆர். சேர்த்தால் ஒப்பீடு, இ.எஸ்.டி. சேர்த்தால் உச்சம். ஸ்மால் – ஸ்மாலர் – ஸ்மாலஸ்ட். ஹை – ஹையர் – ஹையஸ்ட். ஹையர் செகண்டரி ஸ்கூல் என்று தினமும் சொல்கிறோமே, அந்த ஹையர்தான் இது.

எழுதும்போது மூன்றைக் கவனியுங்கள். பிக், ஹாட் போன்ற சொற்களில் கடைசி எழுத்து இரட்டிக்கும். ஈஸி, ஹேப்பி போன்றவற்றில் கடைசி ஒய், ஐ ஆக மாறும். லார்ஜ் போல இ-யில் முடிந்தால் இன்னொரு இ வேண்டாம். ஆர் அல்லது எஸ்.டி. போதும்.

2. நீண்ட சொற்கள்: பியூட்டிஃபுல், டிஃபிகல்ட், இன்ட்ரஸ்டிங் போன்றவை உருமாறாது. இவற்றுக்கு முன்னால்தான் மோர், மோஸ்ட் வரும். மோர் டிஃபிகல்ட் – மோஸ்ட் டிஃபிகல்ட்.

ஒரு சொல்லுக்கு ஒரு வழிதான். இ.ஆர். வந்தால் மோர் வராது. மோர் வந்தால் இ.ஆர். வராது. ‘மோர் பெட்டர்’ தவறாவது இதனால்தான்.

3. தனிவழிச் சொற்கள்: இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டும். குட் – பெட்டர் – பெஸ்ட். பேட் – வர்ஸ் – வர்ஸ்ட். லிட்டில் – லெஸ் – லீஸ்ட். மச், மெனி இரண்டுக்கும் மோர் – மோஸ்ட்.

இப்போது மூன்று மலைகளை வைத்துப் பார்ப்போம். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். கேரளத்தின் ஆனைமுடி 2,695 மீட்டர். எவரெஸ்ட் 8,849 மீட்டர். ‘ஆனைமுடி இஸ் ஹையர் தேன் தொட்டபெட்டா.’ இது இரண்டுக்கு இடையில் ஒப்பீடு. ‘எவரெஸ்ட் இஸ் தி ஹையஸ்ட் மவுண்டன் இன் தி வேர்ல்டு.’ இது எல்லாவற்றிலும் உச்சம். உச்சத்துக்கு முன்னால் இங்கே ‘தி’ வந்திருப்பதைப் பாருங்கள்.

தேர்வில் ஒரே கருத்தை மூன்று விதமாக மாற்றி எழுதச் சொல்வார்கள். மேலே சொன்ன எவரெஸ்ட் வாக்கியம் ஒன்று. மற்ற இரண்டும் இவை:

‘எவரெஸ்ட் இஸ் ஹையர் தேன் எனி அதர் மவுண்டன் இன் தி வேர்ல்டு.’
‘நோ அதர் மவுண்டன் இன் தி வேர்ல்டு இஸ் ஆஸ் ஹை ஆஸ் எவரெஸ்ட்.’

இதில் பலர் ‘அதர்’ என்ற சொல்லை விட்டுவிடுவார்கள். விட்டால், எவரெஸ்ட் தன்னைவிடவே உயரம் என்று பொருளாகிவிடும்.

அடிக்கடி காணும் வேறு சில தவறுகள்:

• ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட்’ என்றால் பின்னால் பன்மை வர வேண்டும். ஸ்டூடன்ட் அல்ல, ஸ்டூடன்ட்ஸ்.
• சீனியர், ஜூனியர் என்ற சொற்களுக்குப் பின் ‘தேன்’ வராது, ‘டு’ வரும். ‘ஹி இஸ் சீனியர் டு மீ.’
• காக்காவை எல்டர் பிரதர் எனலாம். வயதை ஒப்பிடும்போது ‘ஓல்டர் தேன் மீ’ என்பதே சரி.
• ‘தேன்’ எழுதும்போது நடுவில் ஏ. அங்கே இ போட்டால் ‘பிறகு’ என்று பொருள்படும் ‘தென்’ ஆகிவிடும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலம் தெரியாத உம்மாவும் வாப்பாவும்கூட இந்தப் பாடத்தில் உதவலாம். சமையலறையில் மூன்று டப்பாக்களை வரிசையாக வைத்து, ‘இதை ஆங்கிலத்தில் ஒப்பிட்டுச் சொல்’ என்று கேளுங்கள். தினம் பத்து நிமிடம் போதும். ஆனால் பயிற்சிக்குப் பொருட்களை எடுங்கள், பிள்ளைகளை எடுக்காதீர்கள். ‘ராத்தா உன்னைவிடப் பெட்டர்’ என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. கேட்கும் பிள்ளையின் மனம் சுருங்கிவிடும். ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், போன மாதத்து உன்னைவிட இந்த மாதம் நீ பெட்டர் என்று சொல்லுங்கள். பிள்ளை தவறாகப் பேசினால் யாரும் சிரிக்க வேண்டாம். முழுதும் பேசி முடிக்கட்டும், பிறகு திருத்துவோம்.

பயிற்சி: தவறைத் திருத்துக.
1. திஸ் ரூம் இஸ் பிக் தேன் தட் ரூம்.
2. டுடே இஸ் மோர் ஹாட்டர் தேன் எஸ்டர்டே.
3. ஷி இஸ் ஜூனியர் தேன் மீ.
4. திஸ் இஸ் ஒன் ஆஃப் தி ஈஸியஸ்ட் லெசன்.

விடைகள்: 1. பிக்கர். 2. ‘மோர்’ வேண்டாம். 3. ஜூனியர் டு மீ. 4. லெசன்ஸ்.

இந்த ஆண்டு நேர்காணலுக்கு வரும் பிள்ளைகள் பயப்படாமல் ஆங்கிலத்தில் பேசுங்கள். இன்ஷா அல்லாஹ், இம்முறை சிரிக்காமல் கேட்போம்.