படகில் சோலார் ஒட்டப் போகிறீர்களா?

சுரண்டையில் சோலார் வேலை பார்க்கிறவனுக்குப் படகோடு என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் காற்றாலை உண்டு, கடல் கிடையாது. ஆனால் கூரையில் ஒட்டும் வளையும் சோலார் பேனலை முதலில் என்னிடம் கேட்டவர்கள் குற்றாலத்தில் சீசன் கடை போடும் வேன்காரர்கள். வேன் கூரை வளைவானது, கனமும் தாங்காது. அதில் ஒட்டிக் கொடுத்த வேலையைப் பார்த்துவிட்டுத்தான் உவரிப் பக்கமிருந்து ஃபைபர் வள்ளக்காரர் ஒருவர் தேடி வந்தார். பாயும் மோட்டாரும் இரண்டும் வைத்து ஓட்டுகிறவர். வேனுக்கும் வள்ளத்துக்கும் தேவை ஒன்றுதான்: கனம் கூடாது, காற்று தூக்கக் கூடாது, தண்ணீர் உள்ளே போகக் கூடாது. கடலில் உப்பு மட்டும் கூடுதல்.

வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, இருபத்தஞ்சு வருஷம் ஓடும்லா?" ஓடாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன். கண்ணாடிப் பேனலுக்குத்தான் இருபத்தைந்து வருட உத்தரவாதம். வளையும் பேனலுக்கு ஒரு வருடத்திலிருந்து ஐந்து வருடம் வரை எழுதிக் கொடுப்பார்கள். அதுவே அதன் குணத்தைச் சொல்லிவிடும். கண்ணாடிப் பேனல் சொத்து. இது டயர் மாதிரி, தேயும், மாற்ற வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் வாங்குவதிலும் ஒட்டுவதிலும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

யாருக்கு வேண்டாம்

மொட்டை மாடி வைத்திருப்பவர்களுக்கு வேண்டவே வேண்டாம். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அது மின்வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும் வீட்டுக் கூரைக்கு மட்டும். வேனுக்கும் படகுக்கும் அதில் இடமில்லை. போதாததற்கு, ஒரு வாட்டுக்கு ஆகும் விலையும் கண்ணாடிப் பேனலைவிடப் பல மடங்கு.

அப்படியானால் எதற்காக வாங்குவது? எடைக்காக. இன்றைக்கு வீட்டுக்கு மாட்டும் 540 வாட் கண்ணாடிப் பேனல் ஒன்று ஏறக்குறைய 28 கிலோ, ஏழரை அடி நீளம். வள்ளத்தில் அதை உயரத்தில் ஏற்றினால் ஆட்டம் கூடும். 100 வாட் வளையும் பேனல் இரண்டு கிலோ சொச்சம்தான், தடிமன் இரண்டு மூன்று மில்லிமீட்டர். சோலாரிலேயே படகு ஓடாதா என்பீர்கள். கேரளாவில் வைக்கம் – தவணக்கடவு துறைக்கு இடையே 2017 ஜனவரியிலிருந்து ஓடும் 'ஆதித்யா' படகு 75 பேரை ஏற்றிக்கொண்டு சோலாரில் போகிறது. அதன் அகலமான கூரையில் 20 கிலோவாட் பேனல் பரப்பியிருக்கிறார்கள். நம் வள்ளத்தில் கிடைப்பது பின்பக்கம் குழாய் நட்டுப் போட்ட சின்னக் கூரை மட்டும். அதனால் மோட்டாரை ஓட்டும் கனவை விட்டுவிட்டு, விளக்கையும் கருவிகளையும் ஓட்டும் கணக்கைப் போடுவது நல்லது.

முதலில் மின்செலவுக் கணக்கு

உவரிக்காரருக்கு ஒரு நாளைக்குப் போட்ட கணக்கு இது. 10 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, எட்டு மணி நேரம்: 160 வாட் மணி. ஜி.பி.எஸ்ஸும் மீன் பார்க்கும் கருவியும் சேர்த்து சுமார் 100. வயர்லெஸ் 50. செல்போன் சார்ஜுக்கு 20. மொத்தம் 330. படுக்க வைத்த 100 வாட் பேனல் நல்ல வெயிலில் எல்லாக் கழிவும் போக 350 வாட் மணி தரும் என்று வைக்கலாம். இது மயிரிழைக் கணக்கு. ஒரு நாள் மேகம் போட்டால் கவிழ்ந்துவிடும். ஆகவே 100 வாட் இரண்டு.

பேட்டரி இரண்டு நாள் தாங்க வேண்டும். 12 வோல்ட் லித்தியம் என்றால் 60 ஆம்பியர் மணி போதும். ஈய பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 120 வேண்டும். அந்தக் கனத்தைப் பார்த்தால் வள்ளத்துக்கு லித்தியம்தான் சரி.

இங்கே வேன்காரர்கள் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. குற்றாலத்தில் கூட்டம் சேர்வதே சாரல் நேரத்தில், சாரல் நேரத்தில் வெயில் இருக்காது. அதே நாளில் இருபது கிலோமீட்டர் தள்ளி சுரண்டையில் சுள்ளென்று அடிக்கும். பேனலை எங்கே, எந்த மாதத்தில் ஓட்டப் போகிறோமோ அந்த வானத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். கடையில் சொல்லும் வானம் வேறு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மேல் தோல் என்ன பொருள் என்று கேளுங்கள். இ.டி.எஃப்.இ. என்றால் வாங்கலாம். பி.இ.டி. என்றால் விலை குறைவு, ஆனால் வெயிலில் மஞ்சளித்து மங்கிப்போகும். அட்டையில் போட்ட வாட் கணக்கை நம்பாமல் நடு மதியத்தில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் வகை 100 வாட் பேனலில் சுமை இல்லாதபோது 20 முதல் 22 வோல்ட் வரை நிற்க வேண்டும், இரண்டு முனையையும் மீட்டர் வழியாக நேரடியாகச் சேர்த்தால் 5 ஆம்பியருக்குமேல் ஓட வேண்டும். ஒட்டிய பிறகு இந்தச் சோதனையில் தோற்றால் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

'வளையும்' என்பதற்குச் சுருட்டலாம் என்று அர்த்தமில்லை. உள்ளே இருப்பது அதே சிலிக்கான் செல்தான். கூரை வளைவுக்கு ஒரு தடவை மெதுவாக வளைத்து, அப்படியே விட்டுவிட வேண்டும். திரும்பத் திரும்ப மடக்கினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், போகப்போக மின்சாரம் குறையும். மேலே நடக்கலாம் என்று விளம்பரம் சொன்னாலும் நடக்காதீர்கள். வலையும் நங்கூரமும் புழங்கும் முன்பக்க அணியத்தில் ஒட்டவே கூடாது. பின்பக்க அமரத்துக் கூரைதான் இடம்.

ஒட்டும் விதம்

இந்தப் பேனலுக்கு முதல் எதிரி சூடு. தகரத்தோடு அப்பி ஒட்டினால் மதியம் 70 டிகிரி வரை போகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் உற்பத்தி குறையும். ஆக, ஆறில் ஒரு பங்கு காணாமல் போகும், ஆயுளும் குறையும். அதற்கு நான் செய்வது: அடியில் உள்ளே குழல் குழலாக இருக்கும் பாலிகார்பனேட் ஷீட்டை வைத்து, அதன் மேல் பேனல். குழல் வழியாகக் காற்று ஓடும். பசையை முழுப் பரப்பிலும் தேய்க்காமல், முன்னிருந்து பின்னாகப் பட்டை பட்டையாகப் போடுங்கள். தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும்.

இரண்டாவது எதிரி காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றுக்குத்தான் எங்கள் ஊரைச் சுற்றி இத்தனை காற்றாலை. அந்தக் காற்றில் வேன் ஓடும்போது பேனலின் முன் ஓரம் இம்மி தூக்கினாலும் மொத்தமும் பிய்ந்துவிடும். முன் ஓரத்தின் மேல் அலுமினியப் பட்டை வைத்து அழுத்தி, பேனலின் கண்ணிகளில் திருகாணி போட்டு, ஓட்டைகளைக் கடலுக்கான சீலன்ட்டால் அடையுங்கள்.

மூன்றாவது எதிரி நிழல். செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால், ஒரு செல்லில் நிழல் விழுந்தாலும் பேனல் முழுதும் சோர்ந்துவிடும். பாய் விரித்தால் நிழல் ஒரு பக்கமாகச் சாயும், திருப்பினால் மறு பக்கம். ஆகவே இரண்டு பேனலையும் இரு ஓரங்களில் வைத்து இணையாக இணையுங்கள், தொடராக வேண்டாம். முடிந்தால் பேனலுக்கு ஒரு சார்ஜ் கண்ட்ரோலர். அதுவும் எம்.பி.பி.டி. வகை.

வயர்

12 வோல்ட்டில் ஆம்பியர் அதிகம். மெல்லிய வயர் போட்டால் மின்சாரம் வழியிலேயே தீரும். பத்து மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் 100 வாட்டுக்கு அரை வோல்ட் இறங்கும், அது தாங்கும். கடலுக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கேட்டு வாங்குங்கள், சாதாரணச் செம்பு உப்பில் பச்சை பூத்துவிடும். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ். கண்ட்ரோலரில் இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். வேலை முடியும் வரை பேனலைத் துணி போட்டு மூடி வையுங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் துடைத்தால் போதும், சோப்புத் தூளும் நாரும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. டயர் என்று சொன்னேன் அல்லவா? மாற்றப் போகும் பொருளை மாற்றும்படியாக ஒட்டுங்கள். பேனலைக் கூரையோடு ஒட்டாமல் பாலிகார்பனேட் ஷீட்டில் ஒட்டி, ஷீட்டை மட்டும் கூரையில் திருகாணியால் பிடியுங்கள். வயருக்கு இழுத்துக் கழற்றும் கனெக்டர் வையுங்கள். ஐந்து வருடத்தில் பேனல் போனால் ஒரு காலைப் பொழுதில் வேறொன்று ஏறிவிடும். பேட்டரி, கண்ட்ரோலர், கேபிள் மூன்றும் அப்படியே இருக்கும். பணத்தை அந்த மூன்றிலும் தாராளமாகப் போடுங்கள். பேனலில் பெரிய பிராண்டுக்கு ஆசைப்படுவதைவிட அது லாபம்.