சமாந்தரத்துக்குச் செங்குத்தே சாட்சி

நேரான புகையிரதப் பாதையைத் தூரத்தே நோக்கினால் இரு தண்டவாளங்களும் ஒன்றாய்ச் சேர்வதுபோல் தோன்றும். உண்மையில் அவை சேர்வதில்லை. இலங்கையின் அகலப் பாதையில் அவற்றின் இடைவெளி 1676 மில்லிமீற்றர். எனவே சமாந்தரத்தைக் கண்ணால் முடிவு செய்யக் கூடாது. அளந்து பார்க்க வேண்டும்.

எப்படி அளப்பது? அடிமட்டத்தைச் சாய்த்து வைத்தால் இடைவெளி கூடுதலாகக் காட்டும். கோட்டுக்கு 90 பாகையில் வைத்து அளக்கும் செங்குத்துத் தூரமே மிகக் குறுகியது. அதுவே சரியான இடைவெளி.

வரைந்து பாருங்கள். ஒரு நேர்கோட்டில் இரு புள்ளிகளைக் குறியுங்கள். மூலைமட்டத்தை வைத்து, இரண்டிலும் ஒரே பக்கமாகச் செங்குத்துக் கோடுகள் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் 3 சென்ரிமீற்றர் உயரத்தில் புள்ளியிட்டு, அப்புள்ளிகளை இணையுங்கள். கிடைக்கும் கோடு முதற் கோட்டுக்குச் சமாந்தரமானது. இன்னொன்றையும் கவனியுங்கள்: நீங்கள் வரைந்த செங்குத்துக் கோடுகள் இரண்டும் தமக்குள் சமாந்தரமானவையே!

தாளுக்குள் சந்திக்காத கோடுகள், நீட்டினால் தாளுக்கு வெளியே சந்திக்கலாம். ஆகவே வரைந்த கோடுகளைச் சமாந்தரம் என்று சொல்லுமுன் இரண்டு இடங்களிலாவது செங்குத்துத் தூரத்தை அளந்து ஒப்பிடுங்கள்.

பெற்றோரே, வீட்டுக் கதவு நிலையின் அகலத்தை மேலும் கீழும் பிள்ளையைக் கொண்டு அளக்கச் செய்யுங்கள். இரு அளவுகளும் ஒன்றுதானா?