மண் பரீட்சையும் குடியானவர் கணக்கும்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. அங்கு மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்குப் பல வட்டங்களிலிருந்தும் குடியானவர்கள் வருகின்றனர். ஒரு மனுவின் பொருட்டு ஒரு நாள் வேலையை விட்டுவரத் தயங்காத குடியானவரே, தமது நிலத்து மண்ணைப் பரீட்சைக்கு அனுப்பும் காரியத்தை மட்டும் நாளை, மறுநாள் என்று தள்ளிவைப்பதுண்டு. இதனைச் சோம்பல் என்று உத்தியோகஸ்தர்கள் எளிதில் சொல்லிவிடுகின்றனர். கணக்கிட்டுப் பார்த்தால் அச்சொல் முற்றும் பொருந்தாது.

ஓர் ஏக்கர் நஞ்சையில் நெல் பயிரிடுபவரை எடுத்துக்கொள்வோம். 2024-ஆம் ஆண்டில் 45 கிலோ யூரியா மூட்டையின் விலை ரூ. 266.50. தழைச்சத்து போதுமான அளவு இருப்பதாகப் பரீட்சையில் தெரிந்து, அரை மூட்டையைக் குறைத்தால் மிஞ்சுவது ஏறக்குறைய ரூ. 133. மண்ணெடுத்து, உலர்த்தி, ஆய்வுக்கூடத்தில் சேர்த்து, முடிவையும் பெற்றுவர ஒரு நாள் கூலியாவது போய்விடும். அவ்வளவு சிறிய லாபத்திற்காக அறியாமலே இருந்துவிடுவது அவருக்குப் புத்திசாலித்தனமே. பத்து ஏக்கர் உடையவருக்கு இதே பரீட்சை ரூ. 1,300-க்கு மேல் மிச்சம் தரும். ஓராண்டுக் குத்தகைதாரருக்கோ, அடுத்த ஆண்டு அந்நிலம் யாரிடம் இருக்குமோ என்ற ஐயமும் சேர்ந்துகொள்கிறது.

ஆனால் இக்கணக்கில் ஒரு பிசகு உண்டு. தழைச்சத்து மிஞ்சினால் நெல் சாய்கிறது. புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் பெருகுகின்றன. மருந்துக்குக் கொடுத்த பணத்தைக் குடியானவர் பூச்சியின் பேரில் பற்றெழுதுகிறாரேயன்றி யூரியாவின் பேரில் எழுதுவதில்லை. டி.ஏ.பி. விஷயம் இன்னும் கனமானது. 2024-இல் 50 கிலோ மூட்டை ரூ. 1,350. பல்லாண்டுகள் விடாமல் டி.ஏ.பி. இட்டுவந்த நிலத்தில் மணிச்சத்து தேங்கியிருக்கக்கூடும். அவ்வாறு இருப்பின் ஒரு மூட்டையைக் குறைப்பதே பரீட்சைச் சிரமத்தை ஈடுசெய்யும். மலிவான யூரியாவை வைத்துப் பழகிய கணக்கை விலையுயர்ந்த எருவுக்கும் அப்படியே ஒட்டவைப்பதில்தான் நஷ்டம் வருகிறது.

மணிலாப் பயிரில், விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது பொதுச் சிபாரிசு. பரீட்சை செய்யாதவரும் இதனைக் கைக்கொண்டு பயன் பெறலாம். எல்லாவற்றையும் அறிந்த பிறகே உழவு செய்ய வேண்டும் என்பதில்லை.

மத்திய சர்க்கார் 2015 பிப்ரவரி 19-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு அம்சங்கள் பரிசோதிக்கப்பட்டன. தொடக்கத்தில் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கும், மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கும் ஒரு மாதிரி எடுக்கப்பட்டது. பத்து ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இருபத்தைந்து ஏக்கர். அதற்குள் செம்மண் மேடும் களிமண் பள்ளமும் இருக்கலாம். தமது நிலத்திலிருந்து எடுக்கப்படாத மண்ணின் முடிவைக் கையில் வாங்கியவர் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் அவரைக் குறை கூறுவதற்கில்லை.

ஊர்ப் பொதுக்காரியங்களில் இந்த மனப்பாங்கு வேறு உருவம் கொள்கிறது. ஒருவருடைய ஒரு வாக்கு முடிவை மாற்றாதாகையால், வாக்காளர் விஷயங்களை ஆராய்ந்தறியச் சிரமப்படுவதில்லை என்று அமெரிக்கப் பொருளியலறிஞர் அந்தோணி டவுன்ஸ் 1957-இல் எழுதினார். ஏரியின் வரத்து வாய்க்கால் விஷயமும் அத்தகையதே. கிராம சபையில் கணக்கைக் கேட்டறியும் சிரமம் ஒருவருக்கு. பலன் ஆயக்கட்டு முழுவதற்கும். ஒவ்வொருவரும் தத்தம் அளவில் சரியாகவே கணக்கிட்டு வாளாவிருக்க, வாய்க்கால் தூர்ந்துபோகிறது. இங்கே கிராம அதிகாரிகள் வரவு செலவைச் சுருக்கமாக எழுதிச் சாவடியில் ஒட்டிவைப்பது நீண்ட உபதேசத்தைவிடச் சிலாக்கியம். அறிவதற்காகும் செலவு குறைந்தால் அறிய விரும்புவோர் பெருகுவர்.

மண் பரீட்சைக்கும் இதுவே வழி. உதவி வேளாண்மை அலுவலர் ஒரு நாள் குறித்து ஊர் மாதிரிகளை ஒருசேரப் பெற்று அனுப்பினால், குடியானவருக்கு ஒரு நாள் கூலி மிஞ்சும். அறுவடைக்குப் பின், எரு இடுமுன், சித்திரை வைகாசியில் மண் எடுத்தால் ஆடிப்பட்டத்திற்குள் முடிவு கிடைக்கும். விதைத்த பின்னர் வரும் முடிவு அவ்வாண்டு அடியுரத்திற்கு உதவாது. வரப்பு, மர நிழல், எருக்குவியல் இவற்றை விலக்கி, ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழம் ஆப்பு வடிவாகக் குழியிட்டு, அதன் பக்கங்களைச் சுரண்டி மண் எடுக்கவேண்டும். அதனைக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கிக்கொண்டே வந்து, அரைக் கிலோ எஞ்சியதும் நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இடுக. பையின்மேல் சர்வே எண்ணுடன், முன் விளைந்த பயிரையும் இனி இடப்போகும் பயிரையும் குறித்தல் அவசியம்.