பேட்டரி வாரன்ட்டி மறுக்கப்பட்டால்: மின்சார கார் உரிமையாளருக்கு உள்ள சட்ட வழிகள்

கேள்வி: 2021-ல் பெங்களூரு ஷோரூம் ஒன்றில் ரூ.14.5 லட்சத்துக்கு வாங்கிய மின்சார கார், 64,000 கி.மீ. ஓடியிருக்கிறது. புதிதில் முழு சார்ஜில் 220 கி.மீ. போன வண்டி, இப்போது 140 கி.மீ.யைத் தாண்டவில்லை. பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரன்ட்டி உண்டு. ஆனால் சர்வீஸ் சென்டரில், ‘இது இயல்பான தேய்மானம், வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்திருப்பதால் வாரன்ட்டியும் கிடையாது’ என்று கூறி, புதிய பேட்டரிக்கு ரூ.6.8 லட்சம் எஸ்டிமேட் கொடுத்துள்ளனர். வெளியே பார்த்தது சஸ்பென்ஷன் வேலை மட்டும். சட்டப்படி என்ன செய்யலாம்? (ஓசூர் வாசகர்)

பதில்: மின்சார காரின் லித்தியம் பேட்டரி, பயன்படுத்தப் பயன்படுத்தக் கொள்ளளவை இழக்கும். கடும் வெப்பமும், அடிக்கடி போடும் ஃபாஸ்ட் சார்ஜும், முழு சார்ஜில் வண்டியை நாள்கணக்கில் நிறுத்திவைப்பதும் அந்த இழப்பைக் கூட்டும். எனவே கொள்ளளவு குறைந்தது என்பது மட்டுமே சட்டத்தின் பார்வையில் குறைபாடு ஆகிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 2(10)-ன்படி, சட்டமோ ஒப்பந்தமோ கோரும் தரத்துக்கும் விற்பவர் உறுதி கூறிய தரத்துக்கும் கீழே ஒரு பொருள் இருப்பதே குறைபாடு. பேட்டரியைப் பொறுத்தவரை அந்தத் தரத்தை வாரன்ட்டி கையேட்டில்தான் முதலில் தேட வேண்டும்.

வாரன்ட்டி காலத்துக்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பழுதுநீக்கியோ மாற்றியோ தரப்படும் என்று பல கையேடுகள் கூறுகின்றன. 8 ஆண்டில் இயல்பாக ஏற்படக்கூடிய தேய்மானத்தைக் கணக்கிட்டுத்தான் உற்பத்தியாளர் அந்த எல்லையை வகுக்கிறார். அளவு அதற்குக் கீழே இறங்கிய பிறகு ‘இயல்பான தேய்மானம்’ என்ற பதில் எடுபடாது. எல்லைக்கு மேலே இருந்தால் உரிமையாளரின் கோரிக்கை நிற்பது கடினம். கையேட்டில் சதவீதமே இல்லாவிட்டால், விளம்பரத்திலும் விற்பனைத் தாளிலும் தரப்பட்ட வாக்குறுதியையும் நிபுணர் அறிக்கையையும் கொண்டு குறைபாட்டை நிறுவ வேண்டியிருக்கும்.

ஆகவே முதல் வேலை, பேட்டரியின் உண்மையான கொள்ளளவை எழுத்தில் பெறுவது. ஓடும் தூரம் ஏசி, வேகம், மலைப்பாதை, டயர் காற்று ஆகியவற்றால் மாறும், 220 கி.மீ. 140 ஆனது சந்தேகத்துக்கு இடம் தருமே தவிர, தனியாக நின்று ஆதாரமாகாது. ‘எஸ்.ஓ.எச்.’ எனப்படும் பேட்டரி ஆரோக்கிய அளவையும், மாட்யூல் (செல் தொகுப்பு) வாரியான வோல்டேஜையும், ஓடோமீட்டர் அளவு, தேதி, கையொப்பத்துடன் சர்வீஸ் சென்டரிடம் மின்னஞ்சல் வழியே கேட்க வேண்டும். தர மறுத்தால் அந்த மறுப்பும் உரிமையாளருக்குச் சாதகமானதே. நுகர்வோருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாடு என்றே பிரிவு 2(11) வகைப்படுத்துகிறது.

வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். 30 யூனிட் பேட்டரி என்றால், அதன் 70 சதவீதம் 21 யூனிட். சார்ஜ் ஏறக்குறைய தீர்ந்த நிலையிலிருந்து முழுவதும் ஏற்றியும் சார்ஜர் மீட்டர் 20 யூனிட்தான் காட்டுகிறது என்றால், பேட்டரிக்குள் சேர்ந்தது அதைவிடக் குறைவு. ஏற்றும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். சில முறை இப்படிச் சோதித்து, மீட்டரையும் டேஷ்போர்டையும் தேதியுடன் படமெடுத்து வைப்பது நல்லது. இத்தகைய மின்னணுப் பதிவுகளுடன் பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023-ன் பிரிவு 63-ன்படியான சான்றிதழையும் இணைத்துவிட்டால் பின்னால் ஆட்சேபத்துக்கு இடமிருக்காது.

வெளி ஒர்க்‌ஷாப்பைக் காரணம் காட்டி வாரன்ட்டியை முழுவதுமாக மறுப்பது வலுவற்ற வாதம். உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்குத் தராமல் தடுத்ததாக எழுந்த புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ல் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,500 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. வெளியே பழுதுபார்த்தாலே வாரன்ட்டி ரத்து என்று பொதுப்படையாக நிபந்தனை போடக் கூடாது, அந்த வேலையின் குறையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரன்ட்டியை மறுக்கலாம் என்று அதே உத்தரவு கூறியது. அது மேல்முறையீடுகளுக்கு உள்ளானபோதிலும், அதன் தர்க்கத்தை நுகர்வோர் ஆணையத்தில் எடுத்துவைக்கலாம். சஸ்பென்ஷன் வேலைக்கும் பேட்டரியின் கொள்ளளவுக்கும் என்ன தொடர்பு என்பதைக் காட்ட வேண்டியது மறுப்பவரின் கடமை. ஒர்க்‌ஷாப் பில்லில் செய்த வேலை தெளிவாக எழுதப்பட்டிருந்தால் இந்த வாதம் மேலும் வலுப்பெறும்.

எஸ்டிமேட்டையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பேட்டரி பேக் என்பது பல மாட்யூல்கள் சேர்ந்தது. ஒன்றிரண்டு மாட்யூல்கள் பலவீனமானாலே மொத்த பேக்கும் குறைவாகத் தரும். முழு பேக்கையும் ஏன் மாற்ற வேண்டும், மாட்யூலை மட்டும் மாற்ற முடியாதா என்று எழுத்தில் கேட்க வேண்டும். பாகம், கூலி, ஜிஎஸ்டி என்று பிரித்துக் கேட்பதும் அவசியம். மின்சார காருக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. தனியாக வாங்கும் லித்தியம் பேட்டரிக்கோ 18 சதவீதம். எஸ்டிமேட் தொகை காரின் விலையில் ஏறக்குறைய பாதி என்பது எந்தக் குடும்பத்துக்கும் தாங்க முடியாத சுமை. இந்தக் கேள்விகளுக்குப் பதில் வருமுன் பணம் கட்டிவிடக் கூடாது. வண்டியின்றி முடியாது என்ற நிலையில், ஆட்சேபத்தை எழுத்தில் பதிந்துவிட்டுக் கட்டலாம். ஆனால் பழைய பேட்டரி கைமாறினால் முக்கியமான சான்றே போய்விடும். அதற்கு முன் நிபுணர் ஆய்வு முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த படி, டீலர், உற்பத்தியாளர் இருவருக்கும் ஸ்பீட் போஸ்டில் வக்கீல் நோட்டீஸ். 15 நாள் அவகாசம் கொடுப்பது வழக்கம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தால் சில பிரச்சினைகள் அந்த நிலையிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். கார் பெங்களூருவில் வாங்கப்பட்டிருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 அனுமதிப்பதால், ஓசூர்வாசி கிருஷ்ணகிரி ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய விலை ரூ.50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தின் வரம்பு, ரூ.10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை கட்டணம் ரூ.400.

புகாரில் டீலர், உற்பத்தியாளர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்து, யார் என்ன தவறு செய்தார் என்பதைத் தனித்தனியே எழுத வேண்டும். டீலரின் தவறுக்கு உற்பத்தியாளர் தானாகவே பொறுப்பாகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் கூறியுள்ளது. பேட்டரியைப் பரிசோதனைக்கு அனுப்பப் பிரிவு 38(2)(c)-ன் கீழ் மனுவும் போட வேண்டும். ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் போன்ற அரசு அமைப்பின் ஆய்வைக் கோரலாம். பரிசோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதல் காலம் ஆகலாம்.

கேட்கும் நிவாரணம் அளவோடு இருந்தால் வழக்கு உறுதியாக நிற்கும். பேட்டரியை இலவசமாக மாற்றுதல், ஏற்கெனவே கட்டியிருந்தால் பணத்தை வட்டியுடன் திருப்புதல், மனஉளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைப் பிரிவு 39-ன் கீழ் கோரலாம். புதிய காரே வேண்டும் என்ற கோரிக்கை எளிதில் ஏற்கப்படாது. பாகத்தை மாற்றித் தர மட்டுமே வாரன்ட்டி இருக்கும்போது முழு காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று, மாருதி உத்யோக் தொடர்பான 2006-ம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள ‘பொருள் பொறுப்பு’ என்ற தனி அத்தியாயமும் இங்கு உதவாது. பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அதில் அடங்காது. பேட்டரி தீப்பற்றி ஆளுக்கோ வேறு உடைமைக்கோ கேடு நேர்ந்தால்தான் அது பொருந்தும்.

வாரன்ட்டி மறுக்கப்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தாக்கலாக வேண்டும் என்கிறது பிரிவு 69. நோட்டீஸ் அனுப்புவதாலோ கடிதங்கள் தொடர்வதாலோ இந்தக் கெடு நீளாது. பழைய காராக வாங்கியவர், வாரன்ட்டி அடுத்த உரிமையாளருக்கு மாறுமா என்பதைக் கையேட்டில் பார்க்க வேண்டும். வணிக நோக்கில் வாங்கியவர் ‘நுகர்வோர்’ ஆகமாட்டார். ஆனால் தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் டாக்சி ஓட்டுநருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. தேய்மானத்துக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது. விபத்தாலோ வெள்ளத்தாலோ பேட்டரி கெட்டிருந்தால் அது பாலிசியின் கீழ் வரும் தனிக் கோரிக்கை.