வள்ளத்தை அசைக்கும் விசை
(சிறுவர் அறிவியல்)

ஓய்ந்திருக்கும் பொருள் தானாக அசைவதில்லை. அதை அசைப்பதற்குத் தள்ளுதல் அல்லது இழுத்தல் வேண்டும். இதனையே விசை என்பர். ஊர் கூடித் தேர்வடம் பிடிப்பதும் கரைவலை இழுப்பதும் இழுவிசையே.

சல்லிக் கடற்கரை மணலில் கிடக்கும் வள்ளத்தை ஒருவர் தள்ளினால் அசையாது. மணல் அதன் அடிப்பாகத்தைப் பற்றித் தடுக்கின்றது. இத்தடை உராய்வு எனப்படும். பலர் சேர்ந்து தள்ளும்போது அவர்களது விசை உராய்வை வெல்ல, வள்ளம் நகர்கின்றது. அடியில் உருளைக் கட்டைகள் வைத்தால் உராய்வு குறையும், வேலையும் இலகுவாகும். நீரில் இறங்கியதும் மேலுதைப்பு வள்ளத்தைத் தாங்குவதால் சிறுவனும் அதைத் தள்ளிவிடலாம்.

அசையும் பொருளும் தானாக நிற்பதில்லை. எதிர்விசை ஒன்றே அதனை நிறுத்தும். சேர் ஐசாக் நியூற்றன் 1687ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை விதியாக எழுதினார். பாரமும் வேகமும் கூடக்கூட நிறுத்துவது கடினம்.

ஒரு மீற்றர் நீளம், அகலம், உயரம் கொண்ட கடல்நீரின் நிறை 1000 கிலோகிராமிலும் கூடியது. அந்நீர் வேகமாக ஓடிவந்தால் முழங்காலளவு ஆழமே வளர்ந்தவரையும் வீழ்த்திவிடும். 2004 டிசம்பர் 26இல் திருகோணமலைக் கரையோரத்தைத் தாக்கிய சுனாமி, வீடுகளையும் வள்ளங்களையும் அள்ளிச் சென்றது இவ்விசையினாலேயே.

ஆகவே கடல் திடீரென உள்வாங்கினால் பிள்ளைகள் வேடிக்கை பார்த்து நிற்கலாகாது. உடனே மேட்டுநிலம் நோக்கி ஓட வேண்டும். வள்ளத்தைத் தாங்கும் நீரின் வலிமையை அறிந்து நடப்பதே கடலோரப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு.